ஊமத்தம்பட்டி கிராம சபையில் அறுபத்தேழு பேர்

சுதந்திரக் குடிமக்கள் பேரவையின் கோவில்பட்டிக் கிளைக்கு ஏட்டில் பத்தொன்பது உறுப்பினர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் நான்கு பேர். மீதிப் பதினைந்து பேரில் இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், மூன்று பேர் மூன்று கட்சிகளில் சேர்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது அவரவர் வீட்டுக்காவது தெரிந்தால் சரி. கிளையின் விதிப்படி கூட்டம் செல்லுபடியாக நான்கு பேர் வேண்டும். அதனால் அந்த நான்கு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் கோவில்பட்டி வட்டாரத்தில் ஜனநாயகம் அந்த மாதம் படுத்துவிடும்.

படுக்கவிடாமல் பார்த்துக்கொண்டவர் செயலாளர் பூவனலிங்கம். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முத்திரை விழாத எதையும் நம்பாத மனிதர். காய்ச்சல்காரரை ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் கூட்டம் நடத்திய பெருமை அவருக்கு உண்டு. கட்சி கிடையாது, சாதி கிடையாது, தனிமனிதனின் உரிமையும் சட்டத்தின் நடைமுறையும்தான் பேரவையின் கொள்கை. உரிமை எந்தப் பக்கம் இழுத்தாலும் நடைமுறை தவறக்கூடாது என்பது பூவனலிங்கம் சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட கொள்கை.

புரட்டாசி பிறக்க மூன்று நாள் இருக்கையில் ஒரு சனிக்கிழமை மாலை, மந்திரமூர்த்தியின் ஜெராக்ஸ் கடை மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மந்திரமூர்த்திதான் பொருளாளர். தலைவர், வக்கீல் செல்வலட்சுமி. நான்காவது ஆள் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஜெயப்பிரியா. உலகத்தின் வேறொரு மூலையில் ஏதோ ஒரு நாட்டில் பத்திரிகைக்காரர் ஒருவரை உள்ளே தள்ளிவிட்டார்கள். அந்த நாட்டு அரசை இந்தக் கிளை வன்மையாகக் கண்டிக்கிறதா, ஆழ்ந்த கவலையுடன் கண்டிக்கிறதா என்பதில் ஒன்றே முக்கால் மணி நேரமாக முடிவு எட்டவில்லை. அந்த அரசு பதிலுக்காகக் காத்திருப்பதுபோல நான்கு பேரும் வேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

மாடிப்படியில் ஒரு பெண் வெகுநேரமாக உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் மஞ்சள் பை. கீழே கடையில் யாருக்கோ காத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் மந்திரமூர்த்தி எட்டிப் பார்த்து, "யாரம்மா?" என்றார்.

"இங்கன ஏதோ சங்கம் இருக்கு, மனு எழுதித் தருவாவன்னு சொன்னாவ. அதான் வந்தேன்."

உறுப்பினர் அல்லாதவர் கூட்டத்தில் பேசுவதென்றால் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும் என்று பூவனலிங்கம் ஞாபகப்படுத்தினார். மந்திரமூர்த்தி முன்மொழிந்தார். ஜெயப்பிரியா, ஒருவர் பேசுவதற்கு நாம் அனுமதி கொடுப்பது என்பதே ஆதிக்கப் பார்வை இல்லையா என்று ஒரு நியாயமான சந்தேகத்தைக் கிளப்பினார். அது பத்து நிமிஷம் போயிற்று.

"அண்ணாச்சி, ஏழு மணிக்கு பஸ்ஸு" என்றாள் அந்தப் பெண், வாசலில் நின்றபடியே. "நா சொல்லிட்டுப் போயிருதேன். சொல்லலாமா கூடாதான்னு நீங்க பெறவு பேசி முடிங்க."

செல்வலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"எம் பேரு தங்கமாரி. நாகலாபுரம் தாண்டி ஊமத்தம்பட்டி. வீட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்காரு. மூணு ஏக்கர் புஞ்சை இருக்கு, மானாவாரி. அதுக்குப் போற வண்டிப்பாதைய சோலார் கம்பெனிக்காரன் ஆடி மாசம் வேலிக்குள்ள வளைச்சுட்டான். கேட்டுப் போட்டுப் பூட்டிட்டான். சுத்திப் போனா நாலு கிலோமீட்டரு, ஓடைக்குள்ள எறங்கி ஏறணும். மனுசன் போலாம், டிராக்டர் போவாது. மழை விழுந்தா ஈரம் காயுததுக்குள்ள உளுந்து வெதைக்கணும். ரெண்டு நாளு, மிஞ்சினா மூணு நாளு. விட்டா இந்த வருசம் போச்சு."

"தாசில்தார் ஆபீஸ்ல சொன்னீங்களாம்மா?" என்று கேட்டார் செல்வலட்சுமி.

"சொன்னேன். இது பொதுப்பாதைதான்னு கிராம சபைல தீர்மானம் போட்டுக் கொண்டா, மறுநாளே கேட்டத் தெறக்கச் சொல்லுதோம்னாவ. காந்தி செயந்திக்குக் கிராம சபை இருக்கு. ஊர்ச்சனம் கை தூக்கும், அத நா பாத்துக்கிடுதேன். தீர்மானத்த எப்பிடி எழுதணும்னுதான் தெரியல."

நான்கு பேருக்கும் உடம்பில் புது ரத்தம் ஓடியது. பன்னிரண்டு வருஷமாகக் கண்டனம் எழுதிக்கொண்டிருந்த கிளைக்கு இப்போதுதான், கையெட்டும் தூரத்தில், ஒரு பூட்டு கிடைத்திருக்கிறது. அதைத் திறக்கத் தேவையான சாவி ஒரு தீர்மானம். தீர்மானம் எழுதுவதில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் உண்டா. வெளிநாட்டுப் பத்திரிகைக்காரரை அப்படியே சிறையில் விட்டுவிட்டு ஊமத்தம்பட்டிக்குத் தாவினார்கள்.

செல்வலட்சுமி அன்றிரவே தீர்மானத்தை எழுதி முடித்துவிட்டார். எட்டு வரி, சர்வே எண்ணோடு. அத்தோடு விட்டிருந்தால் கதையே வேறு. ஊர் மக்களைத் திரட்ட ஒரு துண்டறிக்கை வேண்டும் என்று முடிவாயிற்று. துண்டறிக்கைக்கு ஜெயப்பிரியா நான்கு தலைப்பு வைத்தார், நான்கையும் அவரே நிராகரித்தார். சூரிய மின்சாரத்துக்கு நாம் எதிரியல்ல என்று ஒரு பத்தி, முதலீட்டாளரின் உரிமையையும் மதிக்கிறோம் என்று ஒரு பத்தி, ஊருக்கு வெளியிலிருந்து வந்து நாங்கள் உங்கள் குரலைப் பறிக்கவில்லை என்று ஒரு பத்தி. பாதை கடைசிப் பத்தியில்தான் வந்தது. அச்சாகி வந்தபோது அக்டோபர் ஒன்றாம் தேதி சாயங்காலம். அதற்குள் தங்கமாரி காலையும் மாலையுமாக ஊரில் முக்கால்வாசி வீடுகளின் வாசலை மிதித்து, 'வந்து ஒரு கை தூக்கிட்டுப் போங்க' என்று மட்டும் சொல்லி முடித்திருந்தாள்.

காந்தி ஜெயந்தி அன்று காலையில் நான்கு பேரும் ஊமத்தம்பட்டிக்குப் போய் இறங்கினார்கள். பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா போட்டிருந்தது. கிளைக்காரர்களுக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லாததால், பார்வையாளர்களாக ஓரத்தில் நாற்காலி. அதிலும் பூவனலிங்கம் உட்காருமுன் பற்றாளரிடம் போய்ப் பார்வையாளராக இருக்க அனுமதி கேட்டு, அவர் என்ன இது என்று விழித்த பிறகே உட்கார்ந்தார். பற்றாளர் என்றால் கிராம சபையை மேற்பார்க்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வருகிற அதிகாரி. பாவம், விடுமுறை நாளில் வேலை என்ற சலிப்பு முகத்தில் அப்பியிருந்தது.

ஊராட்சித் தலைவர் சண்முகராஜ் வெள்ளை வேட்டியில் வந்து எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டுவது அவர் மைத்துனர் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் தங்கமாரி திரட்டி வைத்திருந்த பெண்கள் முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்து, அவர் வாயைத் திறக்கவில்லை. எதிர்த்தால் அடுத்த தேர்தலில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்பது அவருக்குப் புரிந்திருக்கும்.

வரவு செலவு வாசித்தார்கள், டெங்குக் கொசுவைப் பற்றிப் பேசினார்கள். பூவனலிங்கத்துக்கு உட்கார்ந்த இடத்தில் தலை எண்ணுவது பழக்கம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் எண்ணுவார், துக்க வீட்டிலும் எண்ணுவார். எண்ணினார். அறுபத்தேழு. சந்தேகத்துக்கு மறுபடியும் எண்ணினார். அறுபத்தேழுதான். மேசைமேல் கிடந்த வருகைப் பதிவேட்டை எட்டிப் பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து.

இது ஊர் உலகத்தில் நடக்கிற சங்கதிதான். அந்த அளவு மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு நூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். வராதவர்கள் வீட்டுக்கு நோட்டைக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி நிரப்பிவிடுவார்கள். இந்தப் பித்தலாட்டத்தை ஒழிக்கச் சொல்லி எட்டு வருஷத்தில் இருபத்துமூன்று மனு போட்டவர் பூவனலிங்கம். அவர் வாழ்க்கையில் விடாப்பிடியாகச் செய்த ஒரே காரியம் அது. ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை.

தங்கமாரி எழுந்து தாளை வாசித்தாள். எட்டு வரியையும் திக்காமல் வாசித்தாள். "ஆதரிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் பற்றாளர். எல்லாக் கையும் மேலே போயிற்று. சண்முகராஜின் கைகூட மெல்ல, வலிக்கிற கைபோல, உயர்ந்தது. ஊராட்சிச் செயலர் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு ஒழுங்குப் பிரச்சினை" என்று எழுந்தார் பூவனலிங்கம்.

மந்திரமூர்த்தி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார். பூவனலிங்கத்துக்கு அது உறைக்கவே இல்லை. முப்பத்தாறு வருஷம் முத்திரை குத்திய மனிதருக்கு, முத்திரையில்லாத ஒன்று கண்முன்னே பட்டுவாடா ஆகிக்கொண்டிருந்தது.

"இங்கன இருக்கது அறுபத்தேழு பேரு. நோட்டுல நூத்திப் பன்னெண்டு இருக்கு. நூறு பேர் இல்லாம போடுத தீர்மானம் சட்டப்படி செல்லாது. நாளைக்குக் கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போனா நிக்காது. அதனால..."

அதனால் என்ன என்று அவரே யோசித்து வைக்கவில்லை. யோசிக்கத் தேவையும் இருக்கவில்லை. சண்முகராஜ் எழுந்து நின்று கைகூப்பினார்.

"சார் சொல்லுதது நூத்துக்கு நூறு நியாயம். சட்டம் தெரிஞ்ச பெரிய மனுசரு. தப்பான முறையில ஒரு தீர்மானத்தப் போட்டு நம்ம ஊருப் பேரக் கெடுக்கவா? சபைய ஒத்திவைப்போம்."

பற்றாளருக்கு வேர்த்துவிட்டது. நோட்டைப் பற்றி நாலு பேர் முன்னால் பேச்சு வந்த பிறகு அவர் கையெழுத்துப் போடுவாரா. பதினோரு நாள் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்துவிட்டு ஜீப் ஏறினார். தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்வரிசையில் ஒரு கிழவி பக்கத்திலிருந்தவளிடம், "யாருட்டி இந்த ஆளு, கம்பெனிக்காரனா?" என்று கேட்டது நான்கு பேர் காதிலும் தெளிவாக விழுந்தது.

தங்கமாரி தாளை நான்காக மடித்து மஞ்சள் பையில் வைத்தாள். திட்டியிருந்தால் பூவனலிங்கம் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. "சாப்பிட்டுப் போங்க அண்ணாச்சி, சோறு ஆக்கி வச்சிருக்கேன்" என்றாள்.

திரும்பும் பஸ்சில் மந்திரமூர்த்தி வாயைத் திறந்தார்.

"சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி."

"சட்டப்படி அது நிக்காதுதான்" என்றார் செல்வலட்சுமி, யாருக்கும் ஆறுதலாக இல்லாத குரலில். "ஆனா அண்ணாச்சி, கம்பெனிக்காரன் கோர்ட்டுக்குப் போயி, நோட்டீஸ் வந்து, நா வாய்தா வாங்கி, அது நிக்காதுன்னு முடிவாக ரெண்டு வருசமாவது ஆகும். அதுக்குள்ள அந்தம்மா ரெண்டு தடவ வெதைச்சு அறுத்திருக்கும்."

பூவனலிங்கம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். இரண்டு பக்கமும் கரிசல் உழுதுபோட்டு, வாய் பிளந்து கிடந்தது. மழைக்குக் காத்துக் கிடக்கிற மண். அவருக்கு வெட்கமாக இருந்தது. எட்டு வருஷமாகப் பதில் வராத மனுவுக்கு அன்றைக்குத்தான் ஓர் அதிகாரி செவிசாய்த்தார் என்பதில் உள்ளுக்குள் ஒரு நொடி சந்தோஷப்பட்டதும் நிஜம். அதை நினைத்தபோதுதான் வெட்கம் அதிகமாயிற்று.

மறுநாள் அவசரக் கூட்டம் கூட்டினார். செயலாளரைக் கண்டித்து ஒரு தீர்மானத்தைச் செயலாளரே கொண்டுவந்தார். வன்மையாகக் கண்டிப்பதா என்று ஜெயப்பிரியா ஆரம்பித்தபோது, "என்ன வேணாலும் போட்டுக்கோ தாயி" என்று மந்திரமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டார். அது ஒருமனதாக நிறைவேறியது. பிறகு நான்கு பேரும், தங்கள் வாழ்நாளில் முதல் தடவையாக, துண்டறிக்கை எதுவும் இல்லாமல் வீடு வீடாகப் போனார்கள். ஏழு நாளும் காலை பஸ்சுக்குப் போய்ச் சாயங்கால பஸ்சுக்குத் திரும்பினார்கள். ஜெயப்பிரியா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மந்திரமூர்த்தி கடைக்குப் பூட்டுப் போட்டார். நேரில் வருவதாக நூற்று முப்பத்துநான்கு பேர் வாக்குக் கொடுத்தார்கள். பூவனலிங்கம் பேர்வாரியாக எழுதி, வீட்டு எண் போட்டு, மூன்று பிரதி எடுத்து வைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

கோவில்பட்டியில் பஸ் நிலையத்துப் பக்கம் ஒதுங்கி நின்றவர்கள் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் "விளாத்திகுளம் பக்கம் உண்டுமா, ஓட்டப்பிடாரம் பக்கம் உண்டுமா" என்று கேட்டுக்கொண்டார்கள். எல்லாப் பக்கமும் உண்டு. பூவனலிங்கமும் கரிசல்காட்டில் பிறந்தவர்தான், அவருக்கும் முதலில் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த நிமிஷம் தங்கமாரியின் ஞாபகம் வந்து விரல்விட்டு நாளை எண்ணினார். மண்ணில் கால் வைக்க இரண்டு நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை விதைப்புக்குப் பதமாக இருக்கும். தீர்மானமும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றைக்கே தீர்மானத்தை வாங்கி, அன்றைக்கே தாசில்தாரைப் பிடித்து, திங்கட்கிழமை காலையில் டிராக்டரை உள்ளே விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார். நூற்று முப்பத்துநான்கு பேர் பட்டியல் சட்டைப் பையில் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போனபோது பள்ளிக்கூட வளாகத்தில் சாமியானா இருந்தது, மேசை இருந்தது, பற்றாளர் இருந்தார், ஊராட்சிச் செயலர் இருந்தார். சாமியானாவுக்கு அடியில் ஒரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாள். தங்கமாரி.

பதினோரு மணி வரை பார்த்தார்கள். மந்திரமூர்த்தி தெருவுக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. சண்முகராஜ் முழங்கால் வரை சகதியோடு, டிராக்டரை ரோட்டில் நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் தலை காட்டினார். "வெதைப்பு சார், தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அவர் சொன்னதில் ஒரு சூதும் இல்லை. மழை பெய்து மூன்றாம் நாள், கரிசல்காட்டில் எவனாவது கிராம சபைக்கு வருவானா? ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சபையைப் பற்றிய அத்தனை விதிகளும் தெரிந்த பேரவைக்கு மட்டும் அது தோன்றவில்லை.

பூவனலிங்கம் தங்கமாரியிடம் போய் நின்றார். என்ன சொல்வது என்று தெரியாமல், கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"ஏம்மா, ஊர்ல ஒருத்தரும் வரலியே. நீ மட்டும் வந்திருக்க."

"எல்லாரும் காட்டுக்குப் போயிட்டாவ அண்ணாச்சி" என்றாள் தங்கமாரி. "எனக்குத்தான் போறதுக்கு வழி இல்ல. அதான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்."

அதில் குத்தல் ஏதும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

பற்றாளர் தொண்டையைச் செருமினார். போன தடவை வாங்கிய சூடு அவருக்கு ஆறவில்லை. "சார், நீங்கதான் சட்டம் தெரிஞ்சவிய. இப்ப என்ன செய்யணும்? ஒத்திவைக்கவா?" என்று மரியாதையாகவே கேட்டார்.

எந்த விதி, எந்தப் பிரிவு, எந்த அரசாணை என்று பூவனலிங்கத்துக்கு மனப்பாடமாகத் தெரியும். அவர் பற்றாளரை விட்டுவிட்டுத் தங்கமாரியைப் பார்த்தார்.

"ஒத்திவைங்க" என்றாள் தங்கமாரி. எழுந்து சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "நா ஓடை வழியா வெதையத் தலைச்சுமையாக் கொண்டுட்டுப் போறேன். ஒத்த ஆளா எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

அவள் நடந்தாள். நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூவனலிங்கம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். மற்ற மூவரும் தொடர்ந்தார்கள். போகலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

இருபத்தைந்து கிலோ உளுந்தை ஐந்தாகப் பங்கு வைத்துத் தூக்கினார்கள். ஐந்து கிலோ என்ன பெரிய பாரமா என்று கேட்கலாம். மழை பெய்த கரிசலில் நடந்தவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் உள்ளங்காலில் ஓர் அப்பம் மண் ஒட்டும், அதன்மேல் இன்னொன்று ஒட்டும், கொஞ்ச தூரத்தில் மனிதன் அரை அடி உயர்ந்துவிடுவான். ஜெயப்பிரியா ஓடைக்குள் இரண்டு தடவை விழுந்தார். செல்வலட்சுமி ஒரு தடவை விழுந்தார், ஆனால் விதையை நனையவிடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடித் தகடுகள் வரிசையாகப் பளபளத்துக்கொண்டு கிடந்தன. பூட்டிய கேட்டில் காவலாள் ஒருவன் ஸ்டூலில் உட்கார்ந்து, சேறு பூசிய இந்த ஊர்வலத்தை அதிசயமாகப் பார்த்தான்.

தங்கமாரி கோடை மழைக்கே உழுது போட்டிருந்ததால் மண் பொலபொலவென்று இருந்தது. அவள் விதையைக் கைநிறைய அள்ளி வீசிக்கொண்டே போனாள். விதையை மண் மூட வேண்டுமே, அதற்கு டிராக்டர் இல்லை. கருவேல மரத்தில் பெரிய கிளையாக இரண்டை வெட்டி, கயிறு கட்டி, மேலே ஒரு கல்லையும் வைத்து நான்கு பேரையும் இழுக்கச் சொன்னாள். இழுத்தார்கள். தனிமனித உரிமைக்காக வந்தவர்கள் மாடாக இழுத்தார்கள். அதுவும் நல்ல மாடாக இல்லை. ஆளுக்கொரு திக்கில் இழுத்தார்கள், கயிற்றைத் தடுக்கி விழுந்தார்கள், முள் குத்தி நொண்டினார்கள். இந்தப் பக்கமாக இழுப்பதா அந்தப் பக்கமாக இழுப்பதா என்று நடுப்புஞ்சையில் ஒரு விவாதம்கூட வந்தது.

"பேசாம இழுங்க" என்றாள் தங்கமாரி.

பேசாமல் இழுத்தார்கள். பொழுது சாயும்போது ஒன்றேகால் ஏக்கர் முடிந்திருந்தது. பூவனலிங்கத்தின் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். வீட்டுக்குப் போனதும் மனைவி பாலம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "கோடு போட்ட நோட்டுல எழுதினா கொப்புளம் வராதே, எங்க போனிய?" என்று கேட்டாள். அவர் எண்ணெய் கேட்டார். திங்கட்கிழமையும் நான்கு பேரும் போனார்கள். அன்றைக்கு இன்னும் ஒன்றேகால் ஏக்கர். செவ்வாய்க்கிழமை போனபோது வெயில் ஏறி மேல்மண் காய்ந்துவிட்டது. தங்கமாரி ஒரு பிடி மண்ணை எடுத்து நெரித்துப் பார்த்தாள். விதையைக் கட்டி வைத்துவிட்டு, "இனி போட்டா முளைக்காது அண்ணாச்சி, விடுங்க" என்றாள். மேற்கு ஓரத்தில் அரை ஏக்கர் அப்படியே கிடந்தது.

நடுவில் மழை, களையெடுப்பு என்று ஆள் சேராமல், நூறு பேர் உள்ள சபை குடியரசு தினத்தன்றுதான் கூடியது. நூற்றுப் பதினெட்டுப் பேர், எல்லோரும் நேரில் வந்து போட்ட கையெழுத்து. தீர்மானம் நிறைவேறியது. தாசில்தார் ஆபீசில் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மறுநாளே கேட்டைத் திறந்தார்கள். தங்கமாரி அதற்குள் உளுந்தைப் பிடுங்கி, ஓடை வழியாகத் தலைச்சுமையாகவே வீடு சேர்த்து முடித்திருந்தாள்.

கிளையின் ஆண்டறிக்கையைப் பூவனலிங்கம் எழுதிச் சென்னைத் தலைமையகத்துக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து ஒருவர் போன் பண்ணினார். குரலில் உற்சாகம்.

"சார், பொதுப்பாதை மீட்பு பெரிய வெற்றி சார். தமிழ்நாட்டுலயே இந்த வருஷம் நமக்கு அது ஒண்ணுதான். இதழ்ல முதல் பக்கத்துல போடுறோம். கடைசி வரி மட்டும் புரியல. 'அரை ஏக்கர் தரிசு' அப்படின்னு இருக்கு. அது அந்த அம்மா சொந்த விஷயம்தானே, எடுத்துடலாமா?"

"எடுக்காதீங்க சார்" என்றார் பூவனலிங்கம். "அது எங்க கிளை போட்ட தரிசு."